ஏ அண்ட் டி-யும் ஃபேம்யூ-வும்: ஒரே சட்டம், வேறு வேறு அக்கம்பக்கம்

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட அரசுப் பல்கலைக்கழகங்களில் எது முதன்மையானது என்ற பேச்சு எழும்போதெல்லாம், வட கரோலினா ஏ அண்ட் டி மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரும், ஃபேம்யூ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பெயரும் அடுத்தடுத்து வந்து நிற்கும். தரவரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் இரண்டையும் நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த வெள்ளையர் பல்கலைக்கழகம் வளர்ந்தது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

வயதில் மூத்தது ஃபேம்யூ. 1887 அக்டோபரில், ஃபுளோரிடாவின் தலைநகரான தலஹாசியில், 15 மாணவர்களுடனும் இரண்டு ஆசிரியர்களுடனும் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாக அது தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்த இரண்டாம் மோரில் சட்டம், மத்திய அரசின் வேளாண் கல்வி நிதி வேண்டுமானால் கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி நடத்தி நிதியை நியாயமாகப் பங்கிட வேண்டும் என்று மாநிலங்களுக்கு நிபந்தனை விதித்தது. தென் மாநிலங்கள் தனிக் கல்லூரி என்ற வழியையே பிடித்துக்கொண்டன. அந்த நிதியின் துணையோடு 1891-இல் ஃபேம்யூ இன்றைய குன்றுக்கு இடம்பெயர்ந்தது. ஒருகாலத்தில் தோட்ட முதலாளிகளின் உடைமையாக இருந்த நிலம் அது. அதே 1891-இல் ராலே நகரில், ஷா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியில் ஒண்டியபடி ஏ அண்ட் டி பிறந்தது. கிரீன்ஸ்போரோ நகரத்தார் 14 ஏக்கர் நிலமும் 11,000 டாலரும் தர முன்வந்ததால், 1893-இல் அது அங்கே குடியேறியது.

பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது, இந்த இடப்பெயர்வுதான் ஏ அண்ட் டி-க்குக் கிடைத்த பெரும் பேறு என்று தோன்றுகிறது. பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் மாநிலம் வளர்த்தெடுத்த வெள்ளையர் கல்லூரி, 100 கிலோமீட்டருக்கும் அப்பால் ராலேயிலேயே இருந்தது. கிரீன்ஸ்போரோவில் இருந்த அரசு வெள்ளையர் கல்லூரியோ, 1960-களின் முற்பகுதி வரை பெண்கள் கல்லூரி. பொறியியலில் அது போட்டிக்கு வரவில்லை. தலஹாசியிலும் முதலில் அதே நிலைதான். ஆனால் அங்கிருந்த பெண்கள் கல்லூரி 1947-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகமாக மாறியது. அதன் பிறகு ஒரே சிறு நகரத்தில் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒரே சட்டமன்றத்திடம் நிதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

அந்தப் போட்டியில் ஃபேம்யூ இழந்தவற்றுள் மிகக் கொடியது அதன் சட்டக் கல்லூரி. 1949-இல் வர்ஜில் ஹாக்கின்ஸ் என்ற கறுப்பினத்தவர், கெய்ன்ஸ்வில் நகரிலிருந்த, வெள்ளையருக்கு மட்டுமான ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க விண்ணப்பித்தார். அவரைச் சேர்த்துக்கொள்ள மனமில்லாத மாநிலம், அதற்கு மாற்றாகவே ஃபேம்யூவில் ஒரு சட்டக் கல்லூரியை ஏற்படுத்தியது. கறுப்பின மாணவர்களை வெள்ளையர் கல்லூரிகளுக்கு வெளியே நிறுத்திவைக்க அது பயன்பட்ட வரையில் பணம் வந்தது. இனப்பிரிவினை சட்டப்படி தகர்ந்தவுடன், 1965-இல் சட்டமன்றம் நிதியை நிறுத்த முடிவெடுத்தது. 1966-இல் அதே நகரத்தில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டக் கல்லூரி கிடைத்தது. 1968-இல் ஃபேம்யூவின் சட்டக் கல்லூரி மூடப்பட்டது. 2002-இல் அது மீண்டும் திறக்கப்பட்டதென்றாலும், தாய் வளாகத்தில் அல்ல, தொலைவில் உள்ள ஆர்லாண்டோவில்தான். சுற்றுவட்டாரக் கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த ஃபேம்யூ மருத்துவமனையும் 1971-இல் கதவை மூடியது. 1982-இல் பொறியியல் கல்லூரி அமைந்தபோதும், அண்டைப் பல்கலைக்கழகத்தோடு பங்கிட்டுக்கொள்ளும் கூட்டுக் கல்லூரியாகவே அமைந்தது. இந்த வரலாற்றைச் சொல்லாமல் இரண்டின் ஆராய்ச்சி நிதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது நியாயமே அல்ல.

ஏ அண்ட் டி தன் பொறியியலை எவரோடும் பங்கிட வேண்டியிருக்கவில்லை. நாட்டிலேயே மிக அதிகமான கறுப்பினப் பொறியாளர்களை உருவாக்கும் நிறுவனம் என்ற பெயர் அதற்கு இன்று இருப்பதற்கும், 1971-இல் அங்கே இயற்பியலில் பட்டம் பெற்று விண்வெளி வீரராகி, 1986-இல் சேலஞ்சர் விபத்தில் உயிரிழந்த ரொனால்ட் மெக்நேரின் பெயரைத் தாங்கிய கட்டடம் அங்கே நிற்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். 2024-இல் அதன் மாணவர் எண்ணிக்கை 14,000-ஐத் தாண்டியது. ஃபேம்யூவில் சுமார் 9,000. ஆனால் இரண்டையுமே அவற்றின் மாநில அரசுகள் பட்டினி போட்டன. 2023-இல் மத்திய அரசின் கல்வி, வேளாண் அமைச்சர்கள் மாநில ஆளுநர்களுக்கு எழுதிய கடிதங்களின்படி, 1987 முதல் 2020 வரை கிடைக்காமல் போன தொகை ஒவ்வொன்றுக்கும் சுமார் 200 கோடி டாலர்.

போராட்ட வரலாற்றில் ஏ அண்ட் டி-யின் புகழ் ஓங்கி நிற்பதற்குக் காரணம் 1960 பிப்ரவரி 1. எசெல் பிளேர், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட் என்ற முதலாண்டு மாணவர்கள் நால்வர் உல்வொர்த் கடைக்குள் சென்றனர். பற்பசை போன்ற சில்லறைப் பொருட்களை வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு, வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடையில் அமர்ந்து காபி கேட்டனர். அந்த மேடையில் எங்கள் பணம் செல்லும், இந்த மேடையில் செல்லாதா என்ற அவர்களுடைய கேள்விக்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை. பக்கத்திலிருந்த பென்னட் கல்லூரிப் பெண்களும் சேர்ந்து இருக்கைகளை நிரப்ப, ஜூலை 25-இல் கடை பணிந்தது.

ஃபேம்யூவின் மாணவிகளோ அதற்கு நான்காண்டுகள் முன்பே தொடங்கிவிட்டனர் என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை. 1956 மே மாதம் வில்ஹெல்மினா ஜேக்ஸ், கேரி பேட்டர்சன் என்ற இருவர் நெரிசலான நகரப் பேருந்தில் ஒரு வெள்ளைப் பெண்மணிக்குப் பக்கத்தில் காலியாயிருந்த இடத்தில் உட்கார்ந்தனர். எழுந்திருக்கச் சொன்ன ஓட்டுநரிடம், கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தால் இறங்கிவிடுகிறோம் என்றனர். அவர் போலீசை அழைத்தார். மறுநாள் அவர்கள் தங்கியிருந்த வீட்டின் முன், வெள்ளை இனவெறியர்களின் மிரட்டல் அடையாளமான சிலுவை எரிக்கப்பட்டது. மாணவர்கள் பேருந்தைப் புறக்கணித்தனர், நகரமே பின்தொடர்ந்தது. 1960-இல் உணவு மேடையில் அமர்ந்து போராடியதற்காகக் கைதான ஃபேம்யூ மாணவி பட்ரீசியா ஸ்டீபன்ஸும் தோழர்களும் 300 டாலர் அபராதம் கட்ட மறுத்து 49 நாட்கள் சிறையில் இருந்தனர். துணிச்சலில் இந்த வளாகம் எதற்கும் குறைந்ததல்ல என்பதை இங்கே அழுத்தியே சொல்ல வேண்டும்.

வளாக வாழ்வில் ஃபேம்யூவின் பெருமை அதன் அணிவகுப்பு இசைக்குழுவான மார்ச்சிங் 100. 1946-இல் வில்லியம் ஃபாஸ்டர் பொறுப்பேற்று வளர்த்த அந்தக் குழு, பிரெஞ்சுப் புரட்சியின் 200-ஆம் ஆண்டு விழாவில், 1989-இல், பாரிஸ் வீதிகளில் அணிவகுத்தது. 2011-இல் சக மாணவர்களின் பகடிவதையில் குழுவை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர் ஒருவர் உயிரிழந்ததும், 2013 வரை குழு நிறுத்திவைக்கப்பட்டதும் இந்தப் பெருமையோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டியவை. ஏ அண்ட் டி-யின் உச்சம், முன்னாள் மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பிவந்து கூடும் இலையுதிர்கால விழாவான ஹோம்கமிங். உலகிலேயே பெரியது என்று முன்னாள் மாணவர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்வார்கள்.

2021-இல் இரண்டும் ஒரே நேரத்தில், கூட்டாக ஆடிவந்த மியாக் விளையாட்டுக் கூட்டமைப்பை விட்டு வெளியேறின. ஏ அண்ட் டி கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு அப்பாற்பட்ட கூட்டமைப்புக்குச் சென்றது. ஃபேம்யூ முழுக்கக் கறுப்பினப் பல்கலைக்கழகங்களே நிறைந்த ஸ்வாக் கூட்டமைப்பைத் தேர்ந்தெடுத்து, 2023-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தை வென்று, அமெரிக்கக் கால்பந்தில் செலிப்ரேஷன் பவுல் கோப்பையைக் கைப்பற்றியது.

பொறியியல் படிக்க விரும்பும் மாணவருக்கு நான் தயங்காமல் ஏ அண்ட் டி-யைச் சொல்வேன். ஆய்வகமும் வகுப்பறையும் தம் சொந்த வளாகத்திலேயே இருப்பது சிறிய வசதி அல்ல. மருந்தியல், வணிகம், இதழியல், இசை என்று வருபவருக்கு ஃபேம்யூவே பொருத்தம். சட்டம் படிக்க நினைப்பவர், அந்தக் குன்றின் வாழ்க்கை ஆர்லாண்டோவில் கிடைக்காது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.