சாக்கில் வரும் கருவேலச் சீவல்: எலுமிச்சைக்கு ஏற்றது, கத்தரிப் பாத்திக்கு வேண்டாம்

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, செம்மண் நிலத்தில் எங்கள் வீட்டுத் தோட்டம் இருக்கிறது. இரண்டு எலுமிச்சை, ஒரு நெல்லி, ஒரு முருங்கை, அவற்றுக்கு அப்பால் கத்தரியும் வெண்டையும் நிற்கும் பாத்தி. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழும்போது, மலைக்கு இந்தப்புறம் நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஈரம் இழந்த மேல்காற்றுதான். காலையில் விட்ட தண்ணீர் மாலைக்குள் வற்றிப் போவதைப் பல ஆண்டுகள் பார்த்துச் சலித்த பிறகு, சென்ற வைகாசியில் ஊருக்கு வெளியே உள்ள ஒரு விறகுக் கிடங்கில் சீமைக் கருவேல மரச்சீவலை, ஈரம் காக்க மண்மேல் பரப்பும் மூடாக்குக்காக வாங்கினேன். ஓராண்டு பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

இந்தச் சீவல் தோட்டத்துக்கென்று செய்யப்படுவதன்று. ஆலைக் கொதிகலன்களுக்கு எரிபொருளாகப் போவது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்ட மரம், மண்ணுக்குப் போர்வையாகத் திரும்பி வருவதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஏறத்தாழ 25 கிலோ பிடிக்கும் சாக்கு 130 ரூபாய். 100 சதுர அடியை 3 அங்குல உயரத்துக்கு மூட 25 கன அடி வேண்டும். ஒரு சாக்கு 3 கன அடிதான் கொள்ளும் என்பதால் 9 சாக்கு வாங்கினேன். லோடு ஆட்டோ வாடகை தனி.

மரங்களின் அடியில் இதன் பயன் ஐயத்துக்கு இடமில்லாதது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் கேட்ட எலுமிச்சைக்கு ஆடிக் காற்றிலும் நான்கு நாளைக்கு ஒருமுறை விட்டால் போதுமானதாக இருந்தது. கோரை மட்டும் சீவலைத் துளைத்துக்கொண்டு வந்ததே தவிர, மற்ற களைகள் பெரிதும் அடங்கின. ஐப்பசி மழையில் சேறு தெறித்து அடியிலைகளில் படிவது நின்றது. கார்த்திகையில் சீவலை விலக்கிப் பார்த்தபோது, கீழே வெண்பூஞ்சை படர்ந்து, மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. வைக்கோலாக இருந்தால் அதற்குள் மட்கித் தீர்ந்திருக்கும்.

குறை சரக்கிலும் இருந்தது, என் பயன்பாட்டிலும் இருந்தது. மூன்று சாக்குகளின் அடியில் பாதிக்குப் பாதி தூளாகவே இருந்தது. தூள் காய்ந்தால் அடை போலப் படிந்து, விட்ட தண்ணீரை உள்ளே விடாமல் ஓரமாக வழியவிடுகிறது. அதைவிடக் கவலை தந்தவை இடையிடையே கிடந்த முட்களும் நெற்றுகளும். முள் செருப்பைத் துளைத்து ஏறுகிறது. நெற்றிலிருந்து மழைக்குப் பின் முளைத்த கருவேலங்கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. கிடங்கில் இதைச் சொன்னபோது, எரிக்கிற பொருளுக்கு யாரும் சலித்துத் தருவதில்லை என்றார்கள். அவர்கள் தொழிலுக்கு அது சரிதான். தோட்டத்துக்கென்று வாங்குபவர் சாக்கைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

என் தவறு கத்தரிப் பாத்தியில் நேர்ந்தது. சீவலை மேலே பரப்பியதோடு நில்லாமல், நடவுக்கு முன் கொத்தி மண்ணோடு கலந்துவிட்டேன். மரத்தில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, நூறு பங்குக்கும் மேல் கரிமம் உண்டு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் குறையும் தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. செடிகள் மஞ்சளித்து நின்றன. கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றி மீட்கவே ஒரு மாதம் ஆயிற்று. மேலே பரப்பினால் இந்த இழுபறி சீவலும் மண்ணும் தொடும் மேற்பரப்போடு நின்றுவிடும், ஆழத்து வேருக்குத் தீங்கில்லை. ஆயினும் அடிக்கடி கொத்தி நடும் காய்கறிப் பாத்திக்கு, களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் வாழைச்சருகையே பரிந்துரைப்பேன். நெல்லிக்கன்றின் தண்டை ஒட்டிக் குவித்த இடத்தில் பட்டை ஈரம் கோத்து அழுகத் தொடங்கியதால், இப்போது தண்டைச் சுற்றி அரையடி விட்டே பரப்புகிறேன்.

இந்த வைகாசியில், தாழ்ந்துபோன இடங்களை நிரப்ப, அதே கிடங்கில் மேலும் 4 சாக்கு வாங்கினேன். கட்டட வேலைக்கு மணல் சலிக்கும் கம்பிச் சல்லடையில் சலித்து, மேலே நின்ற சீவலை மரங்களுக்கு இட்டு, கீழே விழுந்த தூளைச் சாணத்தோடு எருக்குழியில் சேர்த்திருக்கிறேன்.