ராடா, சி.ஓ.டூ.வா: ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு எந்த வெல்டிங் மெஷின்?

நான் வாங்கியது ராடு வெல்டிங் மெஷின், அதாவது பூச்சுப் போட்ட உலோகக் குச்சியை உருக்கிப் பற்றவைப்பது. 200 ஆம்பியர் இன்வர்ட்டர் வகை (சர்க்யூட் போர்டில் ஓடும் எடை குறைந்த மெஷின்), சிங்கிள் ஃபேஸ். இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டிக்கு நின்றது மிக் மெஷின், அதாவது சுருளிலிருந்து வரும் கம்பியை உருக்கி, சிலிண்டர் கேஸின் காப்பில் பற்றவைப்பது. நம்ம ஊர்ப் பட்டறைகளில் மிக் என்று யாரும் சொல்வதில்லை, சி.ஓ.டூ. வெல்டிங் என்றால்தான் தெரியும். கேஸ் வெல்டிங், டிக் என்ற இன்னும் நுணுக்கமான வெல்டிங் இரண்டையும் நான் யோசிக்கவே இல்லை. வார நாட்களில் அலுவலகம் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை கார் ஷெட்டில் இரும்பு அறுக்கிற ஆளுக்கு அவை ரொம்பத் தூரம்.

என் வேலைகள் என்னவென்று தெரிந்தால்தான் மற்றது புரியும். சேலத்தில் வீடு. மொட்டை மாடிக்குத் துணி காயப்போடும் ஸ்டாண்ட், படிக்கட்டுக் கைப்பிடி, மொபெட்டின் பின் கேரியர், பைக்கின் சென்டர் ஸ்டாண்ட், பூந்தொட்டி அடுக்கு. அப்புறம் ஏற்காட்டில், நாகலூர் பக்கம் மாமனாருக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. அங்கே கேட், மிளகுக்கொடி ஏணி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட் என்று வேலை முடிவதே இல்லை. பதினெட்டு கேஜ் ஸ்கொயர் பைப்பில் (அதாவது 1.2 மி.மீ.) ஆரம்பித்து 6 மி.மீ. ஆங்கிள், ஃப்ளாட் வரைக்கும் போகும். கார் பாடி தகரம் இதில் இல்லை. அது வேறு கதை, கடைசியில் வருகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகளை வேகமாகத் தாண்டிவிடலாம். ராடு மெஷின் விலை குறைவு. கற்றுக்கொள்வதில் சி.ஓ.டூ. சுலபம்; ட்ரிக்கரை அழுத்தினால் கம்பி தானாக வருகிறது, கையை நேராக நகர்த்தினால் போதும். ராடில் முதல் சில வாரங்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும், ராடை இழுத்துப் பிடுங்கியே கை வலிக்கும். வேகத்திலும் சி.ஓ.டூ.தான். ஸ்லாக் (பற்றவைத்த இடத்தின் மேல் படியும் கசடு) தட்ட வேண்டாம், ராடு மாற்றி மாட்ட வேண்டாம், கடைசி இரண்டு அங்குலத் துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர் போலக் காலை முதல் இரவு வரை பற்றவைக்கிறவருக்கு இந்த வேகம்தான் காசு. அவரோடு நான் வாதம் பண்ணப் போவதில்லை.

ஆனால் எனக்கு அந்த வேகத்தால் என்ன லாபம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில் அளப்பது, அறுப்பது, மட்டம் பார்ப்பது, கிரைண்டிங், ரெட் ஆக்சைடு அடிப்பது எல்லாம் போக, உண்மையில் ஆர்க் எரிகிற நேரம் பத்து இருபது நிமிடம்தான். அதில் பாதியை மிச்சம் பிடித்து என்ன செய்வது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: மெஷின் சும்மா கிடக்கிற நாட்கள். வார இறுதி ஆளின் மெஷின் வேலை செய்வதைவிடத் தூங்குகிற நேரம்தான் அதிகம். கல்யாணம், திருவிழா, பிள்ளைகளின் பரீட்சை என்று வந்தால் மாதக்கணக்கில் தொடமாட்டோம். அத்தனை நாளும் சும்மா கிடந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் சுவிட்சைப் போட்டால் உடனே வேலைக்குத் தயாராக நிற்கிறதா? விளம்பரத்தில் இதைச் சொல்லமாட்டார்கள்.

சி.ஓ.டூ. மெஷினில் முதலில் சிலிண்டரைப் பாருங்கள். பெரும்பாலும் டெபாசிட் கட்டி எடுக்க வேண்டும், அதற்குமேல் வாடகை. நீங்கள் பற்றவைத்தாலும் வைக்காவிட்டாலும் வாடகை ஓடும். கேஸ் ஏஜென்சியில் விசாரிக்கப் போனபோது கவுன்ட்டரில் இருந்த பையன் கேட்ட முதல் கேள்வியே, "அண்ணா, வாரத்துக்கு எவ்வளவு கம்பி ஓடும்?" என்பதுதான். நான் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, "அப்ப உங்களுக்கு வேண்டாங்கண்ணா" என்று அவனே சொல்லிவிட்டான். கணக்கும் அவன் பக்கம்தான். ஆர்கானும் சி.ஓ.டூ.வும் கலந்த 47 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 7 கனமீட்டர் கேஸ் இருக்கும். நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று திறந்தால் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஆர்க் எரிக்கலாம். என் வேகத்துக்கு அது ஒரு வருடத்துக்கே வரும். அதுவரை வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ரெகுலேட்டரிலோ ஹோஸிலோ கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தால் அதையும் சேர்த்து.

அடுத்தது கம்பி. 0.8 மி.மீ. கம்பிக்கு மேலே மெல்லிய செம்புப் பூச்சுதான். மழைக்காலத்தில் சுருளை மெஷினுக்குள்ளேயே விட்டுவைத்தால் மேல் அடுக்கில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். அந்தத் துரு லைனருக்குள், அதாவது கம்பி ஓடி வரும் குழாய்க்குள், பொடியாகப் படியும், கம்பி தடுக்கித் தடுக்கி வரும், டிப் (கம்பி வெளியே வரும் முனை) அடைக்கும். ரோலர் இடத்தில் கம்பி குருவிக்கூடு மாதிரி சுருண்டு நின்றால் அன்றைய காலை அதோடு சரி. பட்டறையில் ஒரு சுருள் சில நாளில் தீர்ந்துவிடும், துருப்பிடிக்க நேரமே இல்லை. நம்மிடம் அது மழையும் வெயிலும் மாறி மாறிப் பார்க்கும். டிப், நாசில், லைனர், ரோலர், ரெகுலேட்டர் என்று உதிரிப் பாகங்களின் பட்டியலும் நீளம். ஒவ்வொன்றும் மலிவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் டிப் போனால் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

"கேஸ் இல்லாத மிக் வாங்கலாமே" என்று பலர் சொல்வார்கள். நல்ல யோசனைதான், சிலிண்டர் தொல்லை போய்விடும். உள்ளே பொடி வைத்த ஃப்ளக்ஸ் கம்பி, டார்ச்சை (கம்பி வரும் கைப்பிடியை) நெகட்டிவ்வில் மாட்ட வேண்டும். ஆனால் அதிலும் ஸ்லாக் தட்ட வேண்டும், புகை அதிகம், பொறி தெறிப்பதும் அதிகம், கம்பி விலையும் சாதாரணக் கம்பியைவிடக் கூடுதல். பிரித்த சுருள் ஈரம் இழுக்கும். சி.ஓ.டூ.வின் சுத்தமும் இல்லை, ராடின் மலிவும் இல்லை. நண்பர் ஒருவரின் மெஷினில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், நாள்கணக்கில் பழகியவர் வேறு மாதிரி சொல்லலாம்.

இப்போது ராடு மெஷின். ஹோல்டர், எர்த் கிளாம்ப், இரண்டு கேபிள். அவ்வளவுதான் அதன் சொத்து. மாதக்கணக்கில் தூங்க வைத்தாலும் கெட்டுப்போக உள்ளே சர்க்யூட் போர்டைத் தவிர ஒன்றும் இல்லை. கிரைண்டர் தூள் ஃபேன் வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டு, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மூடியைத் திறந்து காற்று அடித்தால் போதும். இரும்புத் தூள் போர்டில் படிந்தால் ஷார்ட் ஆகும், அதனால் கிரைண்டிங் செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் மெஷினை வைக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது ராடு மட்டும். சாதாரண 6013 ராடு கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். ரொம்ப நமத்துப் போனால் சடசடவென்று வெடித்துத் தெறிக்கும், பீடில், அதாவது பற்றவைத்த வரியில், சின்னச் சின்ன ஓட்டை விழும். 100 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 7018 அப்படி இல்லை. ஹைட்ரஜன் குறைவான ராடு அது, ஈரம் பட்டால் 250 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டில் அதற்கு வசதி இல்லாததால் நான் 7018 வாங்குவதே இல்லை. 6013-ஐ வைக்க ஒரு பி.வி.சி. பைப் துண்டு: ராடின் நீளம் 350 மி.மீ., பைப்பை 400-க்கு அறுத்து, ஒரு பக்கம் மூடியை சால்வென்ட் போட்டு ஒட்டி, மறுபக்கம் திருகு மூடி. உள்ளே புது ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. பனி இறங்கும் ஏற்காட்டு ஷெட்டிலும் இப்படி வைத்த ராடு அடுத்த தடவை போகும்போது ஒழுங்காக எரிகிறது.

ஏற்காடு என்றதும் இன்னொன்று. தோட்டத்து கேட்டின் கீல் பெயர்ந்தபோது நான் கேட்டைக் கழற்றிக் கீழே கொண்டு வருவது பற்றிப் பேசினேன். மாமனார் சிரித்துவிட்டு, "மாப்பிள்ளை, மெஷினை மேல கொண்டு வாங்க" என்றார். இன்வர்ட்டர் மெஷின் ஒரு கையில் தூக்குகிற எடை. கார் டிக்கியில் கிரைண்டரோடு போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிடலாம். அழுத்தம் ஏறிய சிலிண்டரைப் பின்சீட்டில் படுக்கவைத்து அந்த வளைவுகளில் போக எனக்குத் தைரியம் இல்லை, யாரும் போகவும் கூடாது. மேலே போனாலும் காற்று இருக்கிறது. பற்றவைக்கிற இடத்தைக் காக்கும் கேஸை லேசான காற்றே அடித்துக்கொண்டு போய்விடும், பீடு பூரா ஓட்டை. மலைமுகட்டில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ராடில் பூச்சு எரிந்து வருகிற புகையும் ஸ்லாக்கும் சேர்ந்து காப்பதால் இந்தக் கவலை ரொம்பக் குறைவு.

கரன்ட் விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 12 நம்பர் ராடு, அதாவது 2.5 மி.மீ., 70 முதல் 90 ஆம்பியரில் நன்றாக ஓடும். அதற்கு வீட்டுக்குள் இருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட் போதும். 10 நம்பருக்கு, அதாவது 3.15 மி.மீ.க்கு, 100-ஐத் தாண்டும்போது எம்.சி.பி. விழ வாய்ப்பு உண்டு. நீள எக்ஸ்டென்ஷன் போட்டால் 4 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள், இல்லாவிட்டால் மெஷினைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். மலையில் ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தால் ஒரு சங்கதி: ஏற்காடு 1500 மீட்டர் உயரம், அங்கே காற்று லேசு, பெட்ரோல் ஜெனரேட்டர் அதன் சக்தியில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். கீழே சமாளிக்கிற செட் மேலே திணறும்.

மெல்லிய பைப்பில் சி.ஓ.டூ. ஜெயிக்கும், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 18 கேஜ் பைப்பில் ராடைக் கொஞ்சம் தாமதித்தால் ஓட்டை. நான் செய்வது: 2 மி.மீ. ராடு, 45 ஆம்பியர், மூலையில் டப் என்று ஒரு புள்ளி. ராடை எடுத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் புள்ளி பளீரென்று இருந்து, சிவந்து, ஓரத்திலிருந்து கருக்க ஆரம்பிக்கும். நடுவில் பயறளவு சிவப்பு மிஞ்சும்போது பாதி மேலேறி அடுத்த புள்ளி. இடைவெளி இல்லாமல் அறுத்துப் பொருத்தியிருந்தால் இப்படியே மூலையை மூடிவிடலாம். இடைவெளி விட்டு அறுத்திருந்தால் ராடும் வேண்டாம், சி.ஓ.டூ.வும் வேண்டாம், திரும்ப அறுங்கள்.

கனமான இரும்பில் நிலைமை தலைகீழ். சின்ன மிக் மெஷினில் 6 மி.மீ. ஆங்கிளைப் பற்றவைத்தால் பீடு மேலே அழகாக உட்கார்ந்திருக்கும், உள்ளே பிடித்திருக்காது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காட்டெருமை உரசிப்போகிற தோட்டத்து கேட்டின் கீலுக்கு அது ஆபத்து. எந்த மெஷினாக இருந்தாலும் அதே கனத்தில் இரண்டு துண்டை டி வடிவில் ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, வைஸில் பிடித்துச் சுத்தியலால் மடக்கிப் பாருங்கள். பீடு தோலாக உரிந்து வந்தால் ஆம்பியர் போதவில்லை என்று அர்த்தம்.

எவர்சில்வர் பற்றிச் சேலத்தில் கேட்காமல் விடமாட்டார்கள். 1981 முதல் உருக்காலை ஓடுகிற ஊராச்சே. 304 ரக எவர்சில்வர் பைப்புக்கு 308எல் என்ற ராடு கிடைக்கிறது, அதே மெஷினில் ஓடும். சி.ஓ.டூ.வில் என்றால் கம்பியும் மாற வேண்டும், கேஸும் மாற வேண்டும். ஆனால் ராடில் கைப்பிடி அளவுக்குப் பளபளப்பு கொண்டுவர பாலிஷ் வேலை நிறைய இருக்கிறது, நான் ஒரு சின்னத் துண்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

வண்டி வேலைக்கு எந்த மெஷினானாலும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், எர்த் கிளாம்பைப் பற்றவைக்கிற இடத்துக்கு ஒட்டியே மாட்டுங்கள். சக்கரத்தில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். பெட்ரோல் டேங்க்கைக் காலியாக இருந்தாலும் தொடாதீர்கள். ஜி.ஐ. பைப் என்றால் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில். அந்த வெள்ளைப் புகை ராத்திரி காய்ச்சல் கொண்டுவரும்.

கார் பாடிதான் உங்கள் முக்கிய வேலை என்றால் நான் இதுவரை சொன்னதை மறந்துவிட்டு கேஸோடு மிக் வாங்குங்கள். ஒரு மி.மீ.கூட இல்லாத தகரத்தில் ராடு சரிப்படாது. என் பழைய காரின் கதவுக்குக் கீழே துரு தின்ற இடத்தை நான் பட்டறையில்தான் கொடுத்தேன். அவர் சி.ஓ.டூ.வில் புள்ளி புள்ளியாக வைத்து அரை நாளில் முடித்துக் கொடுத்தார்.