விரிந்து உட்காருவதா, பார்வையில் பிடிப்பதா?

நாளைக்கு முக்கியமான மீட்டிங், கெத்தாகத் தெரிய வேண்டும், எப்படி உட்காருவது என்று குழம்புகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு: கை காலை விரித்து இடத்தைப் பிடிப்பது, அல்லது அலட்டாமல் இருந்து கண்ணால் ஆள்வது.

பழகுவதற்கு:
விரிப்பு – இன்றைக்கே வரும்.
பார்வை – நாளாகும். பதற்றம் வந்தால் கண்தான் முதலில் ஓடும்.

பலன்:
விரிப்பு – உடம்பை விரித்து மொத்தம் இரண்டு நிமிடம் இருந்தாலே ஆதிக்கத்தோடு தொடர்புள்ள டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும், மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோன் இறங்கும் என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. 2015இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் அசையவே இல்லை, அடுத்த வருடம் முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டானா கார்னி என்பவரே எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டார். தெம்பாக உணர்வது மட்டும் மிச்சம்.
பார்வை – அதிகாரம் குறைந்தவர் கேட்கும்போது எதிராளியை அதிகம் பார்ப்பார், தான் பேசும்போது கண்ணை விலக்கிக்கொள்வார். அதிகாரம் உள்ளவர் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு பார்ப்பார். 1980களில் டோவிடியோ, எலிசன் போன்ற உளவியலாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். அதாவது, பேசும்போதும் பாருங்கள்.

பெரியவர்கள் முன்னால்:
விரிப்பு – நம்மூரில் கால் மேல் கால் போட்டாலே போச்சு, திமிர் பிடித்தவன் என்பார்கள்.
பார்வை – முறைப்பாக மாறாதவரை சரி.

மேடையில் பேசப் போகிறீர்களா, விரிப்புதான், கடைசி வரிசைக்கு உங்கள் கண் தெரியாது. இன்டர்வியூ, சம்பளப் பேச்சு, சம்பந்தி வீடு என்றால் பார்வைதான்.