பழைய கிராபிக்ஸ் கார்டை சர்வீஸுக்குக் கொடுத்து 8,300 ரூபாய் போச்சு, உஷார்!

நேற்று சாயங்காலம்தான் கார்டு கைக்கு வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இன்னொருத்தர் ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது 3டிஎஃப்எக்ஸ் வூடூ3 3000, 1999-இல் வந்த, ஏஜிபி என்ற பழைய கால ஸ்லாட்டில் மாட்டும் கார்டு. 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். செய்த கம்பெனியே இப்போது இல்லை. ஃபேன் கிடையாது, சிப்பின் சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகத் துண்டு, அதாவது வெறும் ஹீட்சிங்க்தான். நம்ம திருநெல்வேலி சித்திரை வெயிலில் அரை மணி நேரம் கேம் ஓடினாலே தொட முடியாது. கார்டு ஓடும் வேகமான 166 மெகாஹெர்ட்ஸை, இதே வரிசையில் 3500 மாடல் ஓடும் 183-க்கு ஏற்றிப் பார்க்க ஆசை. அதற்கு முதலில் சூடு தணிய வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனேன். கார்டைப் பார்த்ததும் அந்த ஆளுக்கு முகமே மலர்ந்துவிட்டது. "அண்ணாச்சி, இது வூடூல்லா! சின்னப் பிள்ளையில இதுலதான் விளையாடுனேன்" என்று சிப்பில் விரல் படாமல் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து வாங்கினார். அந்தப் பிடியைப் பார்த்துத்தான் நம்பினேன். "ஹீட்சிங்கைக் கழத்திட்டு ஃபேனோட புதுசு போட்டுத் தாரேன், 200 வரைக்கும் போவும்" என்றார். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். இந்தக் கார்டில் சிப்பும் மெமரியும் ஒரே கிளாக்கில், அதாவது ஒரே வேகத்தில் ஓடுகின்றன. சிப்பை மட்டும் குளிரவைத்து 200 வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. தெரிந்தும் 1,800 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தேன்.

இரண்டு நாள் என்றது மூன்று வாரமானது. போன் போட்டால் "சிப்புல தடவுற பேஸ்ட் வரல", அப்புறம் "ஊர்ல கொடை, பையன் லீவு". அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

அந்த ஹீட்சிங்க் சிப்பின் மேல் பசையால் ஒட்டியது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பியிருக்கிறார்கள். சிப் ஓரத்தில் போர்டு சுரண்டி செம்பு தெரிகிறது. மாட்டினால் திரை முழுக்கக் கோடு. கேட்டதற்கு, "25 வருஷப் பழசு அண்ணாச்சி, அது ஆயுசு அவ்ளோதான்." கொடுத்த அன்று காலையில்கூட ஓடிய கார்டு! பில்லும் இல்லை, 1,800-ம் திரும்ப வரவில்லை. 6,500-ம் 1,800-ம் சேர்த்து 8,300 ரூபாய்.

சரி, கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டிய ஹீட்சிங்கை யாரையும் நெம்ப விடாதீர்கள், அதன் மேலேயே சின்ன ஃபேன் வைத்துக் காற்று விடுங்கள். கொடுக்கும்போது கடையிலேயே ஓட்டிக் காட்டி வீடியோ எடுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மற்றதை எழுத இப்போது மனசில்லை. 8,300 ரூபாய்! காலையில் கடை திறந்ததும் மறுபடி போய் நிற்கப் போகிறேன்.