படை அனுப்புவதா, மத்தியஸ்தர் அனுப்புவதா?

தங்கை மகளுக்குக் கல்லூரியில் பேச்சுப் போட்டி. ‘உள்நாட்டுப் போரில் அயல்நாடு படை அனுப்பலாமா’ என்பது தலைப்பு. வளவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவள் கேட்டது மியான்மரைப் பற்றி. அந்தத் தூண் பர்மாத் தேக்கு; எங்கள் ஐயா 1942இல் ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். “அம்மான், 2021லேருந்து அங்க அடிச்சுக்கிறாங்க. யாராச்சும் படையோட போய் நிறுத்தக் கூடாதா?”

எனக்கு அவள் வயது இருந்தபோது நானும் இதைத்தான் கேட்டேன். 1987 ஜூன் 4 அன்று நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்ட செய்தி வந்ததும் காரைக்குடித் தெருவில் நின்று கைதட்டியவன் நான். ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை போய் இறங்கியபோதும் இனி அங்கே எல்லாம் சரியாகிவிடும் என்றே நம்பினேன். இன்று கேட்டால் மத்தியஸ்தம் என்பேன்.

படை போனால் வேகம், மத்தியஸ்தம் இழுத்தடிக்கும். படைக்குச் செலவும் உயிர்ச்சேதமும் அதிகம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. என் மனத்தை மாற்றியது வேறு: போனவர் எப்படித் திரும்பி வருவார், வரும்போது யாரை விட்டுவிட்டு வருவார்?

பங்காளி வழக்கில் சமாதானம் பேச வந்தவர் இரண்டு பேருக்கும் பொதுவானவர். ஒரு பங்காளியிடமிருந்து சாவியைப் பிடுங்கித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட மறுநாளே அவரும் வழக்கில் ஒரு கட்சி. 1987இல் நடந்தது அதுதான். கையெழுத்திட்டவை டெல்லியும் கொழும்பும், புலிகள் கையெழுத்திடவில்லை. ஆனால் அவர்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கும் வேலை நம் படையின் தலையில் விழுந்தது. மாலை போட்டு வரவேற்ற ஊரில் அக்டோபர் 10ஆம் தேதி சண்டை தொடங்கிவிட்டது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த நம் படை சுட்டதில் மருத்துவர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கைதட்டிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு திரும்பி வர இரண்டரை வருஷம். படையைக் கூப்பிட்ட இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா போய் பிரேமதாசா வந்தார். அவர் 1989இல் வெளியேறச் சொன்னார்; புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். யாருடைய அழைப்பில் போனோமோ அவர்களும், யாரோடு சண்டை போட்டோமோ அவர்களும் சேர்ந்து நம்மைப் போகச் சொன்னார்கள். 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கடைசி வீரர்கள் கிளம்பினார்கள். சுமார் 1,200 வீரர்கள் உயிரோடு திரும்பவில்லை.

அதைவிட என்னை உறுத்துவது பின்தங்கியவர்கள் கதை. நம் படையை நம்பி வரதராஜப் பெருமாள் தலைமையில் வடக்கு கிழக்கு மாகாண அரசு ஒன்று நடந்தது. அதைக் காக்கவென்று தமிழ்ப் பையன்களைப் பிடித்து வந்து துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். படை பின்வாங்கப் பின்வாங்கப் புலிகள் அவர்களை வேட்டையாடினார்கள். ஜூனில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி போர். மண்டபத்தில் மறுபடி அகதிப் படகுகள்.

1971 வங்கதேசப் போர் வேறு மாதிரி என்று தங்கை மகள் சொன்னாள். உண்மைதான். டிசம்பர் 3இல் தொடங்கிய போர் 16இல் முடிந்தது; 1972 மார்ச்சுக்குள் படை வங்கதேசத்தை விட்டு வந்துவிட்டது. அங்கே ஆட்சியை வாங்கிக்கொள்ள ஓர் அரசும், அதன் பின்னால் மக்களும் இருந்தார்கள். 1987இல் அப்படி யாரும் இல்லை. 2011இல் லிபியாவிலும் இல்லை. நேட்டோ ஏழு மாதத்தில் வேலையை முடித்துக்கொண்டு போனது, 2014இல் அங்கே அடுத்த உள்நாட்டுப் போர். லிபியாவை நான் படித்ததோடு சரி, அதனால் அதை அழுத்திச் சொல்லவில்லை.

இனி மத்தியஸ்தம். 2002 பிப்ரவரி 22 அன்று நார்வே முயற்சியில் போர்நிறுத்தம் வந்தது. கண்காணிக்க வந்தவர்கள் நார்வே, சுவீடன் போன்ற ஐந்து வட ஐரோப்பிய நாடுகளின் ஆட்கள்; அவர்கள் கையில் துப்பாக்கி கிடையாது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலை திறந்தது. சில வருஷமாவது சாவு குறைந்தது. 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தை முறித்ததும் அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களால் புதிதாக ஒரு ஆயுதக் கூட்டம் உருவாகவில்லை, அவர்கள் பொருட்டு யாரும் வேட்டையாடப்படவுமில்லை.

ஆனால் 2009ஐ அவர்களால் தடுக்க முடியவில்லை. போரின் கடைசிக் கட்டத்தில் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. முள்ளிவாய்க்காலை நினைக்கும்போது என் கட்சி ஆட்டம் காண்கிறது. 1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடக்கும்போதே ஐ.நா. தன் படையைக் குறைத்தது. அங்கே படையைக் கூட்டி அனுப்பியிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். ஒரு தரப்பு மக்களையே கொன்று தீர்க்கும்போது பேச்சுக்கு இடமில்லை.

மியான்மரில் ஆட்சியைப் பிடித்த ராணுவத்தை எதிர்ப்பவர்கள் பல குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தனி நிலம், தனிக் கொடி. ஆட்சியை யாரிடம் ஒப்படைத்துவிட்டு வருவது? தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் ஐந்து அம்சத் திட்டம் 2021 ஏப்ரலிலிருந்து அப்படியே கிடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அதையே விடாமல் பிடித்துத் தள்ளுவதையும், மிசோரம் பக்கம் ஓடிவரும் மியான்மரின் சின் இன மக்களுக்குக் கதவைத் திறந்து வைப்பதையும்தான் சொன்னேன். அவள் ‘படை அனுப்பலாம்’ என்ற பக்கத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறாள். வரதராஜப் பெருமாள் அரசைப் பற்றி மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.