5டபிள்யூ-30 க்குக் காசு வாங்கி டிப்பர் ஒயிலை விட்டார்கள்: சின்ன டேர்போ கார் வைத்திருப்பவர்கள் கவனம்

வன்னியில் டேர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) பூட்டிய சின்னக் கார் ஓடுகிறவர்கள் இப்போது கொஞ்சப் பேர் இருக்கிறோம். கிளிநொச்சி, பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஆங்காங்கே காண்கிறேன். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கராஜின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரைக்கும் பெயரை வெளியில் போடுவது முறையில்லை.

என்னுடையது சுசுக்கி சுவிஃப்ட் ஸ்போர்ட், செட்சி33எஸ் மொடல், யப்பானில் ஓடிவிட்டு வந்தது. எஞ்சின் 1,371 சிசிதான். ஆனால் டேர்போவும், பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்சனும் இருப்பதால் 140 குதிரைவலு தருகிறது. கியர் கையால் போடும் கார் 970 கிலோதான். இவ்வளவு சின்ன எஞ்சின் இவ்வளவு வேலை செய்வதென்றால் அதன் ஒயில் சரியாக இருக்க வேண்டும். ஐந்து வருடம் காசு சேர்த்து வாங்கிய வாகனம் இது. அதனால்தான் மனம் இவ்வளவு கொதிக்கிறது.

வழக்கமாக வவுனியாவில் ஒரு ஐயாவிடம்தான் சேர்விஸ் செய்வேன். சித்திரை வருடப் பிறப்புக்கு முந்தைய கிழமை அவரிடம் இடமில்லை. வருடத்துக்கு மனைவியின் வீட்டுக்கு வவுனியா போகவும் வேண்டும், ஒயில் மாற்றும் கணக்கும் வந்துவிட்டது. சரி, ஒயிலும் பில்டரும் மாற்றுவதுதானே, இங்கேயே செய்வோம் என்று கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டேன். முற்றத்தில் இரண்டு டிப்பர், மூன்று உழவு இயந்திரம், ஒரு கன்டர் லொறி. காரென்று நின்றது என்னுடையது மட்டும். சுவரோரம் நீலப் பரல் ஒன்று, அதன் மேல் கைப்பம்பி. அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஆனால் எதையும் யோசிக்கவில்லை.

முதலாளியிடம் தெளிவாகச் சொன்னேன். ஃபுல் சிந்தெற்றிக் (முழுச் செயற்கை ஒயில்), தடிப்பு 5டபிள்யூ-30, தரம் ஏபிஐ எஸ்பி. அவர் தட்டில் இருந்து நாலு லீற்றர் கான் ஒன்றை எடுத்துக் காட்டினார். நான் கேட்டது அதேதான். “நீங்கள் வேலைக்குப் போட்டு வாங்கோ தம்பி, பாத்துச் செய்து வைக்கிறன்” என்றார். இரண்டு மணித்தியாலத்தால் வந்தபோது கார் கழுவித் துடைத்து நின்றது. ஒரு துண்டுக் கடதாசியில் “சேர்விஸ் – 29,500” என்று மட்டும் எழுதித் தந்தார். எந்த ஒயில், எத்தனை லீற்றர், பில்டர் என்ன விலை, ஒன்றுமில்லை. வெறும் கான் எங்கே என்று நானும் கேட்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஸ்டார்ட் செய்தபோது மூன்று நாலு விநாடிக்கு மேலே ஒரு தட்டல் சத்தம். முன்பு அப்படி இருந்ததில்லை. வீதியில் ஏறி மிதித்தால் வழக்கமான அந்த எழுப்பம் இல்லை, கார் மந்தமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் மெல்லிய நீலப் புகை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லோரையும் போல நாங்களும் நிறுத்தினோம். மனைவி தேங்காய் உடைத்து, மகளுக்குக் கச்சான் வாங்கிக்கொண்டு நின்றபோது எனக்கு ஒயில் எரியும் மணம் மூக்கில் அடித்தது. பொனற்றைத் திறந்து, கொஞ்சம் ஆறவிட்டு, டிப்ஸ்டிக்கை (ஒயில் அளவு பார்க்கும் குச்சியை) இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். மேல் அடையாளத்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு ஒயில் நின்றது.

இந்த எஞ்சினுக்குப் பில்டரோடு சேர்த்து 3.3 லீற்றர்தான் தேவை. நாலு லீற்றரையும் அப்படியே கவிழ்த்திருக்கிறார்கள். கூடினால் என்ன, குறைந்தால்தானே பிழை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கூடினால் சுழலும் கிராங்க் தண்டு ஒயிலில் அடித்து நுரையாக்கிவிடும். நுரைக்குள் இருப்பது காற்று. காற்று பேரிங்கைத் தாங்காது. மிச்ச ஒயில் மூச்சுக் குழாய் வழியாக ஏறி, காற்றோடு சேர்ந்து எரிந்து புகையாக வரும். நான் கண்ட நீலப் புகை அதுதான்.

வவுனியா ஐயாவுக்கு அங்கிருந்தே போன் எடுத்தேன். “டேர்போ எழும்ப விடாதேயும். இரண்டாயிரம் சுற்றுக்குக் கிட்ட வைச்சு மெல்ல மெல்ல வாரும்” என்றார். மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று பஸ், லொறி எல்லாம் முந்திப் போக, பிள்ளையையும் வைத்துக்கொண்டு உருட்டி உருட்டி வந்து சேர்ந்தேன். வருடத்துக்காகக் கராஜைப் பூட்டப் போன மனுசன் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

எஞ்சினுக்கு அடியில் ஒயில் வடிக்கும் சம்ப் நட்டைக் கழற்றி வடித்து, அளவுச் சாடியில் ஊற்றிப் பார்த்தோம். நாலு லீற்றருக்குக் கொஞ்சம் கூட. அடுத்ததாகப் பில்டர். கையில் எடுத்தவர் ஒன்றும் பேசவில்லை. பில்டர் முழுக்கக் கிரவல் றோட்டுச் செம்மண் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. நேற்றுப் பூட்டிய பில்டரில் எப்படி இவ்வளவு மண்? பெருவிரலால் தேய்த்தார். மண் உதிர, அடியில் கறுப்பு மார்க்கரில் திகதியும் கிலோமீற்றரும் எழுதியிருந்தது தெரிந்தது. அது அவருடைய சொந்தக் கையெழுத்து. பூட்டும் ஒவ்வொரு பில்டரிலும் அவர் அப்படி எழுதுவார். போன சேர்விஸில் அவரே பூட்டிய பில்டர் அது! பழசைத் தொடாமலே விட்டுவிட்டுப் புதுசுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

வருடப் பிறப்பு முடிந்து அந்தப் பில்டரையும் கொண்டு கிளிநொச்சிக் கராஜுக்குப் போனேன். சத்தம் போடவில்லை. மேசையில் வைத்தேன். முதலாளி முதலில், “பில்டர் நல்லாத்தான் இருந்தது தம்பி, அதுதான் மாத்தேல்ல” என்றார். அப்போ காசு? அதற்குப் பதிலில்லை. சரி, ஒயில் என்ன விட்டீர்கள் என்று கேட்டேன். பக்கத்தில் சாவி துடைத்துக்கொண்டு நின்ற பெடியன் அந்த நீலப் பரலைப் பார்த்தான். அதன் பிறகு முதலாளியே சொல்லிவிட்டார்: “15டபிள்யூ-40 தான் விட்டது. டிப்பருக்கெல்லாம் அதுதான் விடுறம். எங்கட வெக்கைக்கு அதுதான் தாங்கும். உங்கட 30 தண்ணி மாதிரி.”

இந்தக் கதை எங்கள் பக்கம் பலர் வாயில் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

5டபிள்யூ என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதற்கான அளவு அது, 5டபிள்யூவைப் பரிசோதிப்பதே பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையில். பின்னால் வரும் 30, 40 என்பவை 100 பாகைச் சூட்டில் உள்ள தடிப்பு. அந்தச் சூட்டில் 30 ஆம் தர ஒயில் 9.3 இலிருந்து 12.5 சென்ரிஸ்ரோக் (தடிப்பை அளக்கும் அலகு) வரை இருக்கும், 40 ஆம் தரம் 12.5 இலிருந்து 16.3 வரை. வெளியில் வெயில் கொளுத்தினாலும் எஞ்சினுக்குள் சூட்டைத் தெர்மோஸ்ராட் ஓரளவுக்கு ஒரே நிலையில்தான் வைத்திருக்கும். யப்பானில் கோடையில் ஓடும் அதே காருக்கு 5டபிள்யூ-30 போதுமென்றால் கிளிநொச்சியிலும் போதும். கடுமையாக ஓட்டுபவர்கள் சரியான தரத்தில் 5டபிள்யூ-40 விடுகிறார்கள், அதில் எனக்கு வழக்கில்லை. 30 க்கும் 40 க்கும் உள்ள தடிப்பு வித்தியாசத்தால் மட்டும் எஞ்சின் போய்விடாது.

உண்மையான ஆபத்து வேறு. கானின் பின்பக்கத்தில் ஏபிஐ என்ற வட்டத்துக்குள் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். எஸ் என்று தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. டிப்பர் ஒயில்களில் பெரும்பாலும் சிஐ-4 என்றும், சிலவற்றில் பக்கத்திலேயே எஸ்எல் என்றும் இருக்கும். எஸ்எல் இருக்கிறதுதானே, பெற்றோலுக்கும் சரி என்பார்கள். எஸ்எல் 2001 இல் வந்த தரம். இந்த மாதிரிச் சின்ன டேர்போ எஞ்சின்களை நினைத்துச் செய்ததில்லை.

இந்த எஞ்சின்களுக்கென்று ஒரு வருத்தம் இருக்கிறது. பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நாலாம் கியரில் 1,500 சுற்றில் ஊர்கிறீர்கள். எதிரில் வாகனமில்லை என்று கண்டதும் கியரைக் குறைக்காமல் அப்படியே ஆழ மிதிக்கிறீர்கள். அந்த இடத்தில், பிளக் பொறி போடுவதற்கு முன்பே சிலிண்டருக்குள் இருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனில் சம்மட்டியால் அடித்தது போல அழுத்தம் விழும். ஒரு அடியிலேயே பிஸ்டன் வெடித்த எஞ்சின்கள் உண்டு. ஒயிலில் கல்சியம் கூடினால் இது கூடும் என்று கண்டுபிடித்துத்தான் 2018 இல் எஸ்என் பிளஸ் என்றும், 2020 இல் எஸ்பி என்றும் தரங்களைக் கொண்டுவந்தார்கள். டீசல் ஒயிலிலோ கழுவும் சரக்கு, அதாவது கல்சியம், அதிகம். அது டிப்பருக்கு நல்லது. என்னுடைய காருக்கு நஞ்சு.

டேர்போவும் அப்படித்தான். அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அது மிதப்பது மெல்லிய ஒயில் படலத்தில். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒயில் அங்கே கெதியாகப் போய்ச் சேர வேண்டும். ஓடி நிறுத்திய பிறகு அந்தச் சூட்டில் சிந்தெற்றிக் இல்லாத சாதாரண மினரல் ஒயில் வெந்து கரியாகப் படியும். படிந்து படிந்து மெல்லிய ஒயில் குழாய் அடைபட்டால் டேர்போ முடிந்தது. இன்றைக்கு டேர்போ வாங்கப் போனால் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

பேசிப் பேசி 20,000 ரூபாவைத் திருப்பி வாங்கினேன். மிச்சம் கூலி என்றார். ஆனால் என் அயலில் ஒருவரின் வகன் ஆர் காரும் அங்கேதான் சேர்விஸ் செய்வது. அவர் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் அதிலும் மேல் அடையாளத்தைத் தாண்டித்தான் ஒயில். அதைக் கண்டபிறகு காசு வந்ததே போதும் என்று இருக்க மனம் வரவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. எனக்கு இடைஞ்சலாக இருந்தது அந்தத் துண்டுக் கடதாசிதான், அதில் கடையின் பெயர்கூட இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி நாங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். வாய் திறந்து கேளுங்கள். ஒயிலின் பெயர், தரம், லீற்றர் எல்லாம் அதில் எழுதிக் கேளுங்கள்.

ஒயிலை நீங்களே நம்பிக்கையான கடையில் வாங்கிக்கொண்டு போவது இன்னும் நல்லது. யப்பான் மொழியில் கைநூல் இருந்தால் போனின் கமெராவால் பிடித்து மொழிபெயர்த்து ஒயில் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். நான் அப்படித்தான் 5டபிள்யூ-30 என்பதை உறுதி செய்தேன். கானின் மூடியைக் கண்முன்னே உடைக்கச் சொல்லுங்கள். மூன்று லீற்றர் விட்டதும் நிறுத்தி, எஞ்சினை ஒருக்கால் ஓடவிட்டு, டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மிச்ச ஒயிலையும் வெறும் கானையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வவுனியா ஐயா வெறும் கானைத் தருவதற்கு முன் கத்தியால் வயிற்றில் கீறிவிட்டுத்தான் தருவார். அதே கானில் பரல் ஒயிலை நிரப்பி விற்பதற்குத்தான் வெறும் கானுக்கு விலை கொடுக்கிறார்களாம். பில்டரில் ஒரு மார்க்கர் அடையாளம் போட ஒரு நிமிடமும் ஆகாது. எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

ஐயா புது எஸ்பி ஒயிலும் புதுப் பில்டரும் போட்டு, டேர்போக் காற்றை ஆற்றும் இன்ரர்கூலரின் குழாய்க்குள் படிந்திருந்த ஒயிலைத் துடைத்து, பிளக்குகளையும் கழற்றிப் பார்த்துவிட்டார். பழைய ஒயில் மூலை முடுக்கில் தங்கியிருக்கும் என்பதால் 500 கிலோமீற்றரில் ஒருதரம் வடித்து மறுபடி புதிது விடச் சொன்னார், அதுவும் போன கிழமை செய்தாயிற்று. தட்டல் சத்தம் நின்றுவிட்டது, புகை இல்லை. இனி 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதாக முடிவு செய்திருக்கிறேன். அந்தக் கராஜ்காரர் கண்ணாடியில் ஒட்டிவிட்ட, 10,000 கிலோமீற்றருக்கு அடுத்த சேர்விஸ் என்ற ஸ்ரிக்கரையும் சுரண்டி எடுத்துவிட்டேன்.

பழைய பில்டரை மண்ணோடு அப்படியே ஒரு பையில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் காட்ட வேண்டும்.