காரைக்குடிப் பக்கம் ஓட்ட டீசல் எஸ்யூவி வாங்கலாமா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கார் வாங்கப் போகிறவர்கள் இன்றைக்கும் முதலில் கேட்பது, "அண்ணே, டீசல்னா மைலேஜ் கூடக் கிடைக்கும்ல?" என்பதைத்தான். கிடைக்கும். ஆனால் அது பழைய காலத்துக் கேள்வி. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, தமிழ்நாட்டில் 8, 9 ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்றைக்குக் கேட்க வேண்டியது வேறு: ஒரு தடவை வண்டியைக் கிளப்பினால் எவ்வளவு தூரம் நிற்காமல் ஓட்டுவீர்கள்?

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்த பிறகு டீசல் எஞ்சினின் குணமே மாறிவிட்டது. புகையில் வரும் கரித்துகளைப் பிடித்து வைக்க, டிபிஎஃப் என்ற வடிகட்டி சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருக்கிறது. விறகடுப்புக்கு மேலே புகைபோக்கியில் கரி படிவது மாதிரி அதிலும் கரி படியும். அதை வண்டியே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் எரிவதற்கு 600 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு வேண்டும். அந்தச் சூடு ஏற, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, 60 கி.மீ. வேகத்துக்கு மேல் ஒரே சீராகக் கால் மணி நேரம், இருபது நிமிடமாவது ஓட வேண்டும்.

நம் ஊர் ஓட்டத்தை எண்ணிப் பாருங்கள். காலையில் வீட்டிலிருந்து மார்க்கெட். அப்புறம் பிள்ளைகளை விட ஸ்கூல். சாயங்காலம் கோயில். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று கிலோமீட்டர். எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்திவிடுகிறோம். கரி சேர்ந்துகொண்டே போகும், எரிய வாய்ப்பே கிடைக்காது. எரிக்க ஆரம்பித்து பாதியில் வண்டியை அணைத்தால் இன்னொரு தொல்லை உண்டு: சூடேற்றுவதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலோடு கலந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். ஆயில் அளவு குச்சியில் ஏறிக்கொண்டே போவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். முதலில் மஞ்சள் விளக்கு எரியும். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் எஞ்சின் வலுவைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். பிறகு சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டி எரிக்க வேண்டும். வடிகட்டியே மாற்ற வேண்டிய நிலை வந்தால் செலவு பெரிது.

செட்டிநாட்டுக்கென்றே ஒரு பழக்கம் இருக்கிறது, அது டீசலுக்கு இதைவிடக் கெடுதல். குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். ஊரில் பெரிய வீடு பூட்டிக் கிடக்கும், ஷெட்டில் கார் நிற்கும். படைப்பு (முன்னோருக்குப் படையல்), கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம் என்று வந்தால் எடுப்பார்கள். மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே உறுமவிட்டு அணைத்துவிடுவார். பேட்டரிக்கு நல்லது என்று நம்பி, அக்கறையோடு செய்கிற வேலைதான். டிபிஎஃப் உள்ள வண்டியில் இது கரி சேர்க்கும் வேலையாகத்தான் முடியும். அப்படி வண்டி வைத்திருப்பவர்கள், மாதம் இரண்டு தடவையாவது திருமயம் வரை போய்த் திரும்பச் சொல்லுங்கள். அதற்கு ஆள் இல்லை என்றால் டீசலை மறந்துவிட்டுப் பெட்ரோல் எடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

இன்னொரு பக்கம், வாரத்தில் மூன்று நான்கு நாள் மதுரைக்கோ திருச்சிக்கோ போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து இரண்டுமே ஏறத்தாழ 90 கி.மீ. மாதம் ஒரு தடவை சென்னைக்கு 400 கி.மீ. சொச்சம் ஓட்டுகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு டிபிஎஃப் பற்றிக் கவலையே வேண்டாம், சாலையில் போகும்போது அது தானாகவே எரிந்துவிடும். டீசலின் இழுவை, ஏசி போட்டு ஐந்து பேரோடும் சாமானோடும் போகும்போதுதான் தெரியும். லாரியைத் தாண்ட கியரைக் குறைத்து எஞ்சினைக் கதறவிட வேண்டியதில்லை.

சரி, பணக் கணக்கு.

பெட்ரோல் எஸ்யூவி நிஜ ஓட்டத்தில் லிட்டருக்கு 14 கி.மீ., அதே வண்டி டீசலில் 18 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 என்று எடுத்தால், கிலோமீட்டருக்கு பெட்ரோலில் 7.20, டீசலில் 5.15 ஆகிறது. மிச்சம் சுமார் 2 ரூபாய். ஒரே மாடலில் டீசலுக்கு 1.2 லட்சம் கூடுதல் விலை என்றால், அதை எடுக்க 60,000 கி.மீ. ஓட வேண்டும். வருஷத்துக்கு 20,000 ஓட்டுகிறவர் மூன்றே வருஷத்தில் எடுத்துவிடுவார். 7,000 ஓட்டுகிறவருக்கு எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இதோடு கணக்கு முடியவில்லை, பலர் கோட்டை விடுவது சாலை வரியில். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.4 லட்சம் பெட்ரோல் வண்டிக்கு வரி 1.22 லட்சம் அளவில் வரும். அதே வண்டி டீசலில் 10.6 லட்சமானால் வரி 1.9 லட்சம். விலை வித்தியாசம் 1.2 லட்சம்தான், ஆனால் வரி வித்தியாசத்தையும் சேர்த்தால் கூடுதலாகக் கையை விட்டுப் போவது 1.9 லட்சம். 60,000 கி.மீ. என்று போட்ட கணக்கு 90,000-ஐத் தாண்டிவிடும். அதனால் டீசல் எடுப்பதென்றால் 10 லட்சத்துக்குள் நிற்கும் வேரியண்டைப் பாருங்கள். சன்ரூஃபும் பெரிய திரையும் வேண்டும் என்று ஒரு படி ஏறினால், அந்தச் சன்ரூஃபுக்கு நீங்கள் கொடுப்பது விலைப்பட்டியலில் இருப்பதைவிட அதிகம். நம் ஊர் வெயிலில் சன்ரூஃபை எத்தனை நாள் திறக்கப் போகிறோம்?

ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள், 1500 சிசிக்குள் உள்ள டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி செஸ்ஸோடு சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 18 ஆகக் குறைந்துவிட்டது. இங்கே பேசப்போகும் வண்டிகள் எல்லாம் இந்த அளவுக்குள் அடங்குபவை.

இனி வண்டிகள்.

மஹிந்திராவின் பொலேரோவையும் பொலேரோ நியோவையும் ஒன்றாகப் பார்க்கலாம். இரண்டும் லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்தவை, இரண்டுக்கும் பின்சக்கர இழுவை. 2000-இல் வந்த பொலேரோவில் இப்போது இருப்பது 76 குதிரைத்திறனும், 210 நியூட்டன் மீட்டர் இழுவையும் கொடுக்கும் மூன்று சிலிண்டர் எஞ்சின். 2021-இல் வந்த நியோவில் 100 குதிரைத்திறன், 260 நியூட்டன் மீட்டர். தோப்பு, கிரஷர், செங்கல் சூளை என்று தொழில் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஜாதி வண்டிகள்தான். ஐப்பசி மழையில் கண்மாய்க் கரைப் பாதை சேறாகிக் கிடக்கும்போது, லோடு ஏறிய பின்சக்கர வண்டி தள்ளிக்கொண்டு போகும் விதமே தனி. கிராமத்து மெக்கானிக்குக்கும் பொலேரோ எஞ்சின் பழகிய கை.

ஆனால் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போக இதை எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2024-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பொலேரோ நியோ வாங்கியது ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம். ராத்திரியில் முன்னறிவிப்பில்லாமல் மாடு குறுக்கே வரும் சாலை நம்முடையது, விளக்கு இல்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் குறைவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்து அதில் ஓட்டுவதற்கு எனக்கு மனம் வராது. ஏழு பேர் போகலாம் என்பதும் பேருக்குத்தான். கடைசி இரண்டு இருக்கைகள் பக்கவாட்டில் எதிரெதிராக இருப்பவை, பிள்ளையார்பட்டி வரை சரி, சென்னை வரை யாரும் உட்கார மாட்டார்கள். படி உயரத்தையும் பாருங்கள். பட்டுப்புடவையோடு மூட்டுவலிக்கார ஆச்சி ஏறி இறங்கும்போது அது பெரிய விஷயமாகிவிடும்.

டாடாவின் நெக்ஸான் இதற்கு நேர் எதிர். 2018-இல் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்புக் கார் இது, புது மாடலும் 2024-இல் ஐந்து நட்சத்திரத்தைத் தக்கவைத்துக்கொண்டது. டீசலில் 115 குதிரைத்திறன், 260 நியூட்டன் மீட்டர். தரையிலிருந்து 208 மி.மீ. உயரம் இருப்பதால் உள்ளூர் வேகத்தடைகளில் அடிவயிறு உரசாது. டிக்கி 382 லிட்டர். விசேஷத்துக்கு எவர்சில்வர் பாத்திரம், பலகாரச் சம்படம், பூப்பை என்று ஏற்றிப் பழகிய வீடுகளுக்கு இந்த இடம் உதவும். குண்டு குழிகளை இது அமுக்கிக்கொண்டு போகும் விதம் எனக்குப் பிடிக்கும். எஞ்சின் சத்தம் மட்டும் போட்டி வண்டிகளைவிடக் கொஞ்சம் தூக்கல்.

மஹிந்திராவின் எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 2024 ஏப்ரலில் வந்தது, பழைய எக்ஸ்யூவி300-இன் மறுபிறவி. 117 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர். இந்த விலையில் இத்தனை இழுவை வேறு யாரும் தருவதில்லை. இந்தியாவின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் இதற்கும் ஐந்து நட்சத்திரம். பின் இருக்கையில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்காரும் அகலம் இருக்கிறது, கூட்டுக் குடும்பத்துக்கு அது பெரிய வசதி. டிக்கியில்தான் நெக்ஸானிடம் தோற்கிறது. மதுரை, திருச்சி என்று தினம் ஓடுகிறவர் என்னிடம் கேட்டால், 3எக்ஸ்ஓ டீசல் மேனுவல் என்றுதான் சொல்வேன். சாமான் அதிகம் ஏற்றுகிற வீடாக இருந்தால் நெக்ஸான். இரண்டிலும் ஏஎம்டி (கிளட்ச் மிதிக்காமல் தானே மாறும்) கியர் கிடைக்கும், ஆனால் மெதுவாக நகரும் டவுன் நெரிசலில் கியர் மாறும்போது ஒரு தயக்கம் தெரியும்.

கியர் மாற்றும் வேலையே வேண்டாம் என்பவர்கள் கியாவின் சோனெட்டைப் பார்க்கலாம். அதன் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினோடு (116 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர்) டார்க் கன்வெர்ட்டர் என்ற வகை ஆட்டோமேட்டிக் கியர் வருகிறது. ஏஎம்டியின் அந்தத் தயக்கம் இதில் இல்லை, எஞ்சினும் இந்தக் கூட்டத்திலேயே அமைதியானது. ஹூண்டாய் வென்யூவிலும் இதே எஞ்சின்தான். சோனெட்டில் பின் இருக்கையில் இடம் குறைவு. நான்கு பேர் குடும்பத்துக்குப் போதும், ஐந்தாவது ஆள் நெருக்கித்தான் உட்கார வேண்டும். ஆட்டோமேட்டிக் டீசல் 10 லட்சத்துக்குள் அடங்காது, அதனால் அந்த 18 சதவீத வரியையும் சேர்த்தே யோசியுங்கள்.

புதிய டீசல் வண்டிகள் சிலவற்றில் டிஇஎஃப் என்ற யூரியாக் கரைசலைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். அது தீர்ந்துபோனால், எச்சரித்துப் பார்த்துவிட்டு வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாது. நீங்கள் எடுக்கும் மாடலில் அது உண்டா, ஒரு தடவை நிரப்பினால் எத்தனை கிலோமீட்டர் வரும் என்று ஷோரூமிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: குறைந்த ஓட்டக்காரருக்கு டீசல்தான் வேண்டும் என்றால், அதுதான் புத்திசாலித்தனமான வழி. 2016 முதல் 2020 வரை வந்த மாருதி விட்டாரா பிரெஸ்ஸா டீசல், 1.3 லிட்டர், 90 குதிரைத்திறன். பி.எஸ்.4 காலத்து எஞ்சின், டிபிஎஃப் தொல்லை இல்லை. மாருதி 2020-இல் டீசலையே விட்டுவிட்டதால் நல்ல நிலையில் உள்ளவற்றுக்குக் கிராக்கி இருக்கிறது. ஃபோர்டு எகோஸ்போர்ட் டீசலும் அருமையான வண்டிதான், மறைமலைநகரில் செய்தது. ஆனால் 2021-இல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால், சர்வீஸ் எங்கே கிடைக்கும் என்று உறுதி செய்துகொண்டு எடுங்கள். பத்து வருஷ டீசல் ஓடக்கூடாது என்ற தடை டெல்லி வட்டாரத்துக்கானது. நம் ஊரில் 15 வருஷம் வரை பதிவு செல்லும், அப்புறம் சோதனை முடித்துப் புதுப்பிக்கலாம்.

டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் மின்சார வண்டியையும் தள்ளிவிட வேண்டாம். முகப்பிலோ ஷெட்டிலோ ஒரு பிளக் பாயிண்ட் போட இடமில்லாத வீடு நம் பக்கம் கிடையாது.

டெஸ்ட் டிரைவ் போகும்போது ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, மதியம் இரண்டு மணிக்குத் திருச்சி ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். பெரியவர்களைப் பின் இருக்கையில் உட்காரவைத்து இறங்கச் சொல்லிப் பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் வண்டியின் உற்பத்தி மாதத்தையும் கேளுங்கள். டீசல் இப்போது மெதுவாகத்தான் விற்கிறது, யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியாக இருந்தால் புது பேட்டரியும் தள்ளுபடியும் கேட்டு வாங்குங்கள்.